பீரோவில் தூங்கும் கோட்டு, சபாரி: புதுப்பித்துத் தைக்கக் கற்போம்



நம் கூட்டமைப்பில் தையல் பயிற்சி முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பிளவுஸ், சுடிதார், நைட்டி, பள்ளிச் சீருடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிடுவோம். ஆனால் ஆண்கள் உடை என்று வந்ததும், "அது ஜென்ட்ஸ் டெய்லர் வேலைங்க, நமக்கு வராது" என்று ஒதுங்கி விடுகிறோம்.

எங்கள் தையல் கூடத்துக்கு வரும் பையன்கள் சிலர், கையில் ஒரு பழைய துணிப் பையோடு வருகிறார்கள். பைக்குள் அப்பாவின் கல்யாணக் கோட்டு இருக்கும். இல்லாவிட்டால் தாத்தா ஆபீசுக்குப் போட்டுப் போன சபாரி இருக்கும். அகலமான காலர், பெரிய கட்டம், பளிச்சென்ற கோடு. "அக்கா, இதை எனக்கு ஃபிட்டா ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

முடியும். ஆனால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நாங்கள் ஒரு கோட்டைப் பாழாக்கியதையும் கீழே மறைக்காமல் எழுதியிருக்கிறோம். நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

எந்தக் காலத்து உடை?

உடையைக் கையில் வாங்கியதும் அது எந்தக் காலத்தில் தைத்தது என்று ஊகிக்கப் பழகுங்கள். காலம் தெரிந்தால், எந்த இடத்தில் அளவு மிஞ்சி நிற்கும் என்பதும் தெரிந்துவிடும்.

1930, 1940-களின் கோட்டுகளில் தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம். முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டு வரிசை பட்டன் இருக்கும். இதைத்தான் டபுள் பிரெஸ்ட் என்கிறோம். மார்பில் மடிந்து விழும் பகுதிக்கு லேப்பல் என்று பெயர். அதன் முனை மேல்நோக்கிக் கூராக நிற்கும். பேன்ட் வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கும். கால் முனையில் வெளிப்பக்கமாக மடிப்பு இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பிரிட்டனில் துணிக்கும் ரேஷன் வந்தது. 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை அது நீடித்தது. துணியை மிச்சம் பிடிக்க, 1942-ல் ஆண்கள் கோட்டில் டபுள் பிரெஸ்ட் கூடாது, பேன்ட் காலில் மடிப்பு கூடாது என்று விதியே போட்டார்கள். இருப்பதைத் திருத்தி உடுத்துங்கள் என்று 1943-ல் அரசாங்கமே பெண்களுக்குக் கையேடு வெளியிட்டது. ஆகவே பழசைத் திருத்துவது மட்டமான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1970-களில் எல்லாமே பெரிசு. லேப்பல் 4 அங்குலத்துக்கு மேல், சட்டைக் காலர் நாய்க் காது மாதிரி, பேன்ட் பெல்பாட்டம். துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. பாலியஸ்டர் நூலை 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். டெரிலின் என்ற பெயரில் அது நம் ஊர் வரைக்கும் பிரபலம் ஆனது. துவைத்தால் சுருங்காது, சாயம் லேசில் போகாது. அதனால்தான் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அந்தத் துணி பீரோவில் புதுசு மாதிரி இருக்கிறது.

சபாரியும் இந்தக் காலத்தில்தான் நம் ஊர் ஆபீஸ்களில் பரவியது. சபாரி என்றால் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் பயணம் என்று அர்த்தம். அங்கே வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டை அது. பட்டாளத்துக் காக்கிச் சட்டை போல நான்கு பாக்கெட், தோளில் பட்டை, இடுப்பில் பெல்ட். கோட்டு போட்டால் வேர்க்கிற நம் ஊருக்கு, அரைக் கை சபாரி ரொம்ப வசதியாகப் போய்விட்டது. அதிகாரியும் போட்டார், கல்யாண மாப்பிள்ளையும் போட்டார்.

1980-களில் தோளுக்குள் தடிமனான பஞ்சு பேட் வைத்துத் தைத்த கோட்டுகள் வந்தன. இத்தாலியில் ஜார்ஜியோ அர்மானி தொளதொளப்பான மெல்லிய கோட்டுகளைப் பிரபலமாக்கினார். 1980-ல் வந்த 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் கதாநாயகன் போட்டதும் அவர் தைத்த உடைதான். 1987-ல் வந்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தில் பணக்கார வியாபாரி போட்ட கோடு போட்ட உடையும் பேசப்பட்டது. "நான் பெரிய ஆள்" என்று சொல்லிக்கொள்ளும் உடை இது.

இப்போது ஆண்கள் விரும்புவது என்ன? தோள் இயல்பாக இறங்க வேண்டும். லேப்பல் 3 முதல் மூன்றரை அங்குலம். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். ஆனால் இதுவும் நிலையானது இல்லை. பத்துப் பதினைந்து வருடம் முன்பு உடம்போடு ஒட்டிய பேன்ட் கேட்டவர்கள், இப்போது ஃப்ளீட் வைத்த தளர்வான பேன்ட் கேட்கிறார்கள். டபுள் பிரெஸ்டும் திரும்பி வந்திருக்கிறது. இதை மனதில் வையுங்கள். பிறகு உதவும்.

முதலில் துணியைப் பாருங்கள்

அளவு எடுக்கும் முன் இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. ஜன்னல் வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடியுங்கள். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். கம்பளித் துணியில் இது சகஜம். ஓட்டையைக் கொண்டுவந்தவருக்கே காட்டிவிடுங்கள். பிறகு "நீங்கதான் ஓட்டை போட்டீங்க" என்ற பேச்சு வராது.

2. உள் தையலிலிருந்து இரண்டு நூல் உருவி எரித்துப் பாருங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் அது கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. இரண்டும் கலந்து வந்தால் கலப்புத் துணி. அடுப்புப் பக்கம் செய்யாதீர்கள். ஒரு தட்டில் வைத்துச் செய்யுங்கள்.

3. உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய டெய்லர்கள் தாராளமாக விட்டிருப்பார்கள். பெரிதாக்க வேண்டும் என்றால் அந்தத் துணிதான் நமக்கு மூலதனம்.

4. பழைய தையலை ஓரமாக ஓர் அங்குலம் பிரித்துப் பாருங்கள். உள்ளே நிறம் அடர்த்தியாகவும் வெளியே வெளுத்தும் இருந்தால், பெரிதாக்கும்போது கோடு தெரியும். பாலியஸ்டரில் பழைய ஊசி ஓட்டையும் மறையாது. சின்னதாக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கம்பளிக் கோட்டைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. டிரை கிளீனிங் மட்டும்தான். பாலியஸ்டர் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் பளபளவென்று கறை விழுந்துவிடும். ஈரத் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேயுங்கள்.

கோட்டில் எதை மாற்றலாம்?

தைரியமாகச் செய்யக்கூடியவை:

இடுப்பு. முதுகு நடுத் தையல், இரண்டு பக்கத் தையல் ஆகிய மூன்றிலும் பிரித்துக்கொண்டு 2 முதல் 3 அங்குலம் குறைக்கலாம். ஒரே தையலில் எல்லாவற்றையும் பிடித்தால் பாக்கெட் பின்னால் ஓடிவிடும். கோடு, கட்டம் போட்ட துணியில் வலது பக்கம் எவ்வளவோ இடது பக்கமும் அவ்வளவே பிடிக்க வேண்டும்.

கை நீளம். முனையில் உள்ள பட்டன்கள் வெறும் அலங்காரம் என்றால் லைனிங்கைப் பிரித்து ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மாற்றலாம். ஆனால் நிஜமாகவே காஜா வெட்டியிருந்தால் தொடாதீர்கள். ஓட்டை இடம் மாறாது.

தோள் பேட். தடிமன் பேடை எடுத்துவிட்டு மெல்லியது வையுங்கள். பேடே இல்லாமல் விட்டால் துணி தொய்ந்து கைச்சுற்றில் சுருக்கம் விழும். இந்த ஒரு வேலையிலேயே 1980-களின் கோட்டு பாதி மாறிவிடும்.

பட்டன். பொன் நிறப் பெரிய பட்டனுக்குப் பதில், துணியின் நிறத்திலேயே மங்கலான பட்டன் வைத்தால் கோட்டின் முகமே மாறும். செலவும் குறைவு.

யோசித்துச் செய்ய வேண்டியவை:

கோட்டின் நீளத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் குறைக்காதீர்கள். பாக்கெட் கீழே தொங்குவது போல ஆகிவிடும். லேப்பலைக் குறுக்கவும் முடியும். ஆனால் காலரையும் சேர்த்துத் திருத்த வேண்டும், உள்ளே இருக்கும் கேன்வாஸைக் கையாளத் தெரிய வேண்டும். பழகாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். உண்மையில் அகல லேப்பல்தான் அந்தக் கோட்டுக்கு அழகு. அதை வெட்டிவிட்டால் கடையில் வாங்கும் சாதாரணக் கோட்டு ஆகிவிடும். அளவைத் திருத்துங்கள், அடையாளத்தை விட்டுவையுங்கள்.

தொடவே கூடாதவை:

தோள் அகலம் ஒரு பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் மிஞ்சினால் "முடியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள். தோளைத் திருத்துவது என்றால் கை, காலர், முதுகு எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற வேலை. அதே போல, டபுள் பிரெஸ்டை சிங்கிள் பிரெஸ்ட் ஆக்கித் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏன் என்று சொல்கிறோம்.

நாங்கள் செய்த தவறு

ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தன் மகனோடு வந்தார். கருநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட டபுள் பிரெஸ்ட் கோட்டு. அவர் கல்யாணத்துக்குத் தைத்தது. மகனுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது. "முன்னாடி ரெண்டு வரிசை பட்டன் வேண்டாம் அக்கா. ஒரு வரிசை ஆக்கிடுங்க" என்றார் மகன். நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். ஒருவர்கூட யோசிக்கவில்லை. வந்த வேலையை விட மனமில்லை. "சரி தம்பி" என்றோம். கூலி 150 ரூபாய் என்றும் சொல்லிவிட்டோம்.

முன்பக்கம் அதிகமாக ஏறி நிற்கும் துணியை வெட்டினால் போதும் என்று நினைத்தோம். வெட்டினோம். வெட்டிய பிறகுதான் தெரிந்தது. பாக்கெட் முன் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பழைய காஜா ஓட்டை இரண்டு, நட்ட நடுவில் தெரிந்தன. லேப்பல் மடியும் கோடு தப்பிப் போய், மார்பில் துணி தூக்கிக்கொண்டது. எத்தனை முறை தேய்த்தும் உட்காரவில்லை. வெட்டிய துணியை ஒட்டவைக்க வழியும் இல்லை.

பெரியவர் வந்து கோட்டை விரித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "காசு வேண்டாம்மா. இது இனிமே கிடைக்காது. அடுத்தவங்க துணியில கத்திரி வைக்கும்போது ஒரு தடவை யோசிங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறியிருக்கும்.

அன்று மாலை குழுவில் பெரிய வாக்குவாதம். கத்திரி பிடித்தவர் கூலியில் பிடிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் அழுதுவிட்டார். "ஒத்துக்கிட்டது மூணு பேரும்தானே, வெட்டினது மட்டும் நானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில், ஒப்புக்கொண்டது குழு, ஆகவே நஷ்டமும் குழுவுக்கு என்று தீர்மானம் எழுதினோம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மிஞ்சிய நல்ல துணியில் மகனுக்குக் கையில்லாத கோட்டு ஒன்று கூலி இல்லாமல் தைத்துக் கொடுத்தோம். பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். மறுபடி எங்கள் கூடத்துக்கு வரவில்லை.

அன்றைக்கு எழுதிய விதி இன்றும் எங்கள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது: "மடித்துத் தை, வெட்டாதே." அளவு குறைக்கும்போது மிஞ்சும் துணியை உள்ளேயே மடித்து, ஓட்டுத் தையல் போட்டு, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரி என்றால் மெஷின் தையல். அப்போதும் உள் துணியை வெட்ட வேண்டாம். துணி தடித்து மேலே தெரிந்தால் மட்டும், ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். நாளைக்கு அந்தப் பையன் சதை போடலாம். ஃபேஷன் மாறலாம். அவன் மகன் ஒருநாள் இதே கோட்டைத் தூக்கிக்கொண்டு வரலாம். நாம் விட்டுவைத்த துணி அவனுக்கு உதவும்.

சபாரியை எப்படிப் புதுப்பிப்பது?

கோட்டைவிட சபாரி சுலபம். லைனிங், கேன்வாஸ் தொல்லை பெரும்பாலும் இல்லை. சட்டை தைக்கத் தெரிந்தவர்கள் சபாரியில் ஆரம்பிக்கலாம்.

இடுப்பு பெல்ட் தனியாக இருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத் தையலில் உடம்பு அளவைக் குறையுங்கள். அரைக் கை அகலமாக விரிந்து நிற்கும், அதையும் ஒடுக்குங்கள். நீளத்தை 1 முதல் 2 அங்குலம் குறைக்கலாம். ஆனால் கீழ்ப் பாக்கெட்டின் அடி ஓரத்துக்கும் சட்டையின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 2 அங்குலம் இருக்கட்டும். மேல் பாக்கெட்டைப் பிரித்து எடுக்கச் சொல்வார்கள். எடுக்க வேண்டாம். அடியில் துணி வெளுக்காமல் இருப்பதால் பாக்கெட் வடிவத்திலேயே கறுப்பாகத் தெரியும்.

முக்கியமான விஷயம், மேலும் கீழும் ஒரே துணியாகப் போட்டால் அது அந்தக் காலத்து சபாரி. சட்டையை மட்டும் தனியாக எடுத்து, உள்ளே வெள்ளை பனியன் துணி டீ-ஷர்ட், கீழே கறுப்பு அல்லது நீலப் பேன்ட் போட்டு, பட்டனைத் திறந்துவிட்டால் இன்றைய இளைஞர் உடை. தையல் வேலை பாதி, இந்த யோசனை பாதி.

பெல்பாட்டம் பேன்ட்

இதில் கணக்குதான் முக்கியம். பேன்ட் அடிச் சுற்றளவு 24 அங்குலம், 16 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறைக்க வேண்டியது 8 அங்குலம். ஒரு தையலை 1 அங்குலம் உள்ளே தள்ளினால், முன் துணியிலும் பின் துணியிலும் சேர்த்து 2 அங்குலம் குறையும். ஆக, உள்பக்கத் தையலில் 2 அங்குலம், வெளிப்பக்கத் தையலில் 2 அங்குலம் தள்ளினால் 8 அங்குலம் சரியாக வரும்.

ஒரே பக்கம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் நடு இஸ்திரிக் கோடு முறுக்கிக்கொண்டு போகும். முட்டிக்கு மேலிருந்து தொடங்கி, கோடு வளையாமல் சாய்வாக இறக்குங்கள். இடுப்பு உயரமாக இருந்தால் அதைக் குறைக்க முயல வேண்டாம். ஜிப், பாக்கெட் எல்லாம் கெட்டுவிடும். உயர இடுப்பை இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல ஒரு யோசனை

பளிச்சென்ற பழைய உடையைப் போடத் தயங்குபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றுதான் சத்தம் போட வேண்டும். கோட்டு பெரிய கட்டம் என்றால் சட்டையும் பேன்ட்டும் வெறும் நிறம். டை அகலமாகப் பூப் போட்டது என்றால் கோட்டு அடக்கமாக இருக்கட்டும். டபுள் பிரெஸ்ட் கோட்டை டை இல்லாமல், காலர் இல்லாத சட்டை மேலேகூடப் போடலாம். ஆனால் பட்டன் போட்டுத்தான் நிற்க வேண்டும். திறந்துவிட்டால் முன்துணி தொங்கும்.

கூலியும் ரசீதும்

பழையதைத் திருத்துவதுதானே என்று குறைவாகக் கேட்காதீர்கள். பிரிக்கும் நேரமும் வேலை நேரம்தான். ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். கோட்டு இடுப்பு, கை நீளம், பேட் மாற்ற நாலரை மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்றால் 450. பேட், நூல், பட்டன் 80. கரண்ட், மெஷின் தேய்மானம் 30. ஆக 560. குழுவின் பொது நிதிக்குப் பத்தில் ஒரு பங்கு, 56. மொத்தம் 616 ரூபாய். உங்கள் ஊர்க் கூலிக்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் முன்பு 150 ரூபாய் என்று சொன்னது எவ்வளவு தப்பு என்று இப்போது புரிகிறதா?

ரசீதில் இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்: வாங்கும்போதே இருந்த ஓட்டை, கறை; எந்த இடத்தில் எவ்வளவு மாற்றம்; எதை மாற்ற மாட்டோம் என்பது; போட்டுப் பார்க்க வர வேண்டிய தேதி; முன்பணம். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். போட்டுப் பார்க்க வராதவர் உடையை முடிக்காதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் வீட்டுப் பீரோவில் உள்ள ஒரு பழைய பேன்ட்டையோ சபாரியையோ கொண்டுவந்து, எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போமா? அடுத்தவர் துணியில் பழகுவதற்கு முன் நம் துணியில் பழகுவோம்.

2. ஒரு வேலையை "முடியாது" என்று சொல்லும் உரிமை தைப்பவருக்கு உண்டா? தலைவி ஒப்புக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது?

3. துணி பாழானால் நஷ்டம் தைத்தவருக்கா, குழுவுக்கா? நடந்த பிறகு சண்டை போடுவதைவிட, இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பது நல்லதுதானே?

சகோதரிகளே, நம் கைக்கு வருவது வெறும் துணி இல்லை. ஒருவர் முதல் சம்பளத்தில் தைத்ததாக இருக்கும். கல்யாணத்தன்று போட்டதாக இருக்கும். இன்று இல்லாத ஒருவரின் சட்டையாகக்கூட இருக்கும். அதைத் திருத்தி அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றிவிடும் வேலை நம்முடையது. நிதானமாகச் செய்வோம், நியாயமான கூலி வாங்குவோம்.